ரூஹ் அஃப்ஸா பாட்டிலும் ஹக்கீம் அப்துல் மஜீதும்

விழுப்புரம் மாவட்டம் பனமலையில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி இருக்கிறார். ரமளான் பிறைக்குப் பத்து நாட்களுக்கு முன்பே அவர் வீட்டு அடுப்பில் நன்னாரி வேர் கொதிக்கத் தொடங்கிவிடும். நன்னாரி, சர்க்கரைப் பாகு, எலுமிச்சை, அவ்வளவுதான். சாயம் கிடையாது. கழுவிக் காயவைத்த பழைய பாட்டில்களில் ஊற்றி, செஞ்சியிலும் விழுப்புரத்திலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புவார். ஒரு வருடம் குடித்தவர்கள் மறு வருடமும் கேட்டு வாங்குவார்கள். போன ரமளானில் கொஞ்சம் துணிந்து, செஞ்சியில் ஒரு கடைக்கு நான்கு பாட்டில்கள் எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ருசி பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை. நான்கு பாட்டிலும் நான்கு உயரம், ஒன்றிலும் பெயர் இல்லை, லேபிள் இல்லை. கேட்கிறவரிடம் எதைச் சொல்லி விற்பது என்பது அவர் கேள்வி.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்தச் சகோதரி எனக்குப் போன் செய்தார். ஒரு காகிதத்தை ஒட்டினால் சர்பத்தின் ருசி மாறிவிடுமா என்று கேட்டார். கோபம் இருந்தது, கேள்வியில் நியாயமும் இருந்தது. அந்தக் கடையில் அவருடைய பாட்டிலுக்கு இடம் கிடைக்காத அதே அலமாரியில் ரூஹ் அஃப்ஸா பாட்டில்கள் வரிசையாக நின்றிருந்தனவாம். அதைக் காய்ச்சியவரும் ஒரு சிறிய கடையில், மனைவியோடு கலந்து பேசித் தொழில் தொடங்கியவர்தான் என்று சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நம் வீடுகளில் பலருக்கும் தெரியாது. இஃப்தார் நேரத்தில் பாலில் ஊற்றிக் கலக்கும்போது அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்க்கிறோம், அதன் பின்னால் இருக்கும் மனிதரைப் பார்ப்பதில்லை.

ஹக்கீம் ஹாஃபிள் அப்துல் மஜீத் 1883-ஆம் ஆண்டு இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பீலிபீத் நகரில் பிறந்தவர். தந்தையின் பெயர் ஷேக் ரஹீம் பக்ஷ். சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்ததால் ஹாஃபிள் என்ற பெயர் கூடவே வந்தது. உருதும் பாரசீகமும் முறையாகப் படித்தார். பிறகு யூனானி மருத்துவம் கற்று ஹக்கீம் ஆனார். மூலிகைகளை இனம் காண்பதில் பெயர் பெற்றிருந்த ஹக்கீம் ஜமால் கானிடம் பழகி, எது உண்மையான சரக்கு, எது கலப்படம் என்று கண்ணாலும் மூக்காலும் அறியும் பயிற்சியைப் பெற்றார். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இந்தப் பயிற்சிதான் அடித்தளம் என்று எனக்குத் தோன்றுகிறது. சரக்கு தெரியாதவன் ஒட்டும் லேபிள் எத்தனை நாளைக்கு நிற்கும்?

1906-ஆம் ஆண்டு, பழைய தில்லியில் ஹௌஸ் காஜி என்ற இடத்தில் ஒரு மூலிகைக் கடை போட்டார். இன்று தில்லி மெட்ரோவில் சாவ்ரி பஜார் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் நாம் நிற்பது அந்த ஹௌஸ் காஜி நாற்சந்தியில்தான். வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் அதே 1906-இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால் காலம் எப்படிப்பட்டது என்று புரியும். வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசிப் பொருள் என்ற எண்ணம் நாடு முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் டாபர், பம்பாயில் அமிர்தாஞ்சன் என்று நம் நாட்டு மருந்துகளே பெயர் ஒட்டிய டப்பிகளில் வரத் தொடங்கியிருந்தன. யூனானி வைத்தியம் மட்டும் இன்னும் பொட்டலத்திலேயே இருந்தது.

பொட்டலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய முறையில் ஹக்கீம் நாடி பார்த்து நுஸ்கா எழுதிக் கொடுப்பார். அதை எடுத்துக்கொண்டு அத்தாரின் கடைக்குப் போக வேண்டும். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு சரக்காக நிறுத்து, காகிதத்தில் மடித்துத் தருவார். வீட்டில் இடித்துக் காய்ச்சி வடிகட்டுவது நம் வேலை. சர்பத்து வேண்டுமென்றால் பாத்திரம் கொண்டுபோய் வாங்கி வருவார்கள். இதில் பெயருக்கும் லேபிளுக்கும் வேலையே இல்லை. ஹக்கீமின் முகம்தான் உத்தரவாதம். முகம் தெரிந்த தெருவுக்குள் அது போதும். அடுத்த ஊருக்குப் பொட்டலம் போனால் முகம் கூடப் போகாது. பனமலைச் சகோதரியின் சர்பத்து சொந்தக்காரர் வீடுகளில் விலைபோனதும், செஞ்சிக் கடையில் விலைபோகாததும் இதனால்தான்.

அப்துல் மஜீத் தன் கடைக்குத் தன் பெயரை வைக்கவில்லை. ஊர்ப் பெயரையும் வைக்கவில்லை. ஹம்தர்த் என்று வைத்தார். பாரசீகத்தில் ஹம் என்றால் கூட, தர்த் என்றால் வலி. வலியில் பங்கு கொள்பவர் என்று பொருள். உருது தெரிந்த எவருக்கும் அது அன்றாடச் சொல். நம் தமிழில் துயரத்தில் தோள் கொடுப்பவர் என்போமே, அந்த மாதிரி. நோயாளியின் பக்கம் நிற்கும் பெயர். வைத்தியரின் பட்டத்தைப் பறைசாற்றும் பெயர் அல்ல. அவர் உருதும் பாரசீகமும் படித்தது வீண்போகவில்லை.

தில்லியின் கோடை நாம் அறியாதது அல்ல, வேலூர் வெயில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே லூ என்ற அனல்காற்று வேறு அடிக்கும். வெப்பத்தால் மயங்கி விழுவோரும், நீர் வற்றித் துவள்வோரும் வைத்தியரைத் தேடி வருவார்கள். யூனானியில் உடம்பைக் குளிர்விக்கும் சரக்குகள் பல உண்டு. 1907-இல் அவற்றைச் சேர்த்து அப்துல் மஜீத் ஒரு கூட்டு சர்பத்தை உருவாக்கினார். பருப்புக்கீரை விதை, காசினி, திராட்சை, அல்லி, தாமரை, கொத்தமல்லி, கீரை, கேரட், புதினா போன்றவை, ஆரஞ்சு முதலிய பழங்கள், ரோஜாவும் தாழம்பூவும் மணத்துக்கு, வெட்டிவேர் குளிர்ச்சிக்கு. இதில் பாதி நம் சமையலறையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருப்பவைதான். தனித்தனியாக ரோஜா சர்பத், தாழம்பூ சர்பத் என்று விற்ற ஊரில், எந்த ஒரு பூவின் பெயரையும் சொல்ல முடியாத ஒரு கூட்டுச் சரக்கு இது. அதற்கு என்ன பெயர் வைப்பது?

ரூஹ் அஃப்ஸா என்று வைத்தார். ரூஹு என்ற அரபுச் சொல் நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாட்டிமார் வாயிலும் புழங்குவதுதான். அஃப்ஸா என்ற பாரசீகச் சொல்லுக்குப் பெருகச் செய்வது என்று பொருள். உயிருக்குத் தெம்பூட்டுவது என்று சேர்த்துச் சொல்லலாம். காஷ்மீரப் பண்டிதக் குடும்பத்தில் வந்த லக்னோ கவிஞர் தயா சங்கர் நசீம் எழுதிய குல்ஸாரே நசீம் என்ற உருதுக் கதைக் காவியத்தில் ரூஹ் அஃப்ஸா என்று ஒரு பாத்திரம் வருகிறாள். பெயர் அங்கிருந்து வந்தது என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். ஒரு பண்டிதர் எழுதிய காவியத்தின் பெயர் ஒரு ஹாஃபிளின் பாட்டிலில் ஏறி, அதை நாம் நோன்பு திறக்கும்போது குடிக்கிறோம். பழைய தில்லியிலும் லக்னோவிலும் அன்று இதில் யாருக்கும் வியப்பு இருந்திருக்காது.

பெயரைப் பற்றி இன்னொன்று. இதை இன்று தொழில் தொடங்கும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ரோஜா சர்பத் என்று அவர் பெயர் வைத்திருந்தால் அடுத்த கடைக்காரரும் ரோஜா சர்பத் என்றே விற்கலாம், யாரும் தடுக்க முடியாது. சரக்கைச் சொல்லும் பெயர் எல்லோருக்கும் சொந்தம். சரக்கைச் சொல்லாமல், குடித்தபின் வரும் நிலையைச் சொல்லும் ஒரு சொல்லை அவர் எடுத்தார். அது அவருடையதாகவே நின்றது. அன்றைக்கு இந்தியாவில் வணிகப் பெயர்களைப் பதிந்துவைக்கும் சட்டமே கிடையாது. அந்தச் சட்டம் 1940-இல்தான் வந்தது. வேலி போடச் சட்டம் இல்லாத காலத்தில் பெயரும் லேபிளுமே வேலி.

லேபிளுக்கு வருவோம். 1910-ஆம் ஆண்டு மிர்ஸா நூர் அஹ்மத் என்ற ஓவியரிடம் அந்தப் பணியை அப்துல் மஜீத் ஒப்படைத்தார். அவர் பல வண்ணங்களில், பூக்களும் பழங்களும் நிறைந்த ஒரு படத்தை வரைந்தார். படம் கண்ணைப் பறித்தது. சிக்கல் என்னவென்றால், அத்தனை வண்ணங்களில் அச்சடிக்க அன்றைய தில்லியில் வசதி இல்லை. கறுப்பு ஒரு நிறத்தில், அல்லது இரண்டு நிறத்தில் சுருக்கிக்கொண்டு அங்கேயே அடித்திருக்கலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் படத்தைப் பம்பாய்க்கு அனுப்பினார். பார்சிக்காரர்களின் போல்டன் அச்சகத்தில் சிறப்பு ஏற்பாட்டின் பேரில் அந்த லேபிள் அச்சானது.

அந்தக் காலத்து வண்ண அச்சு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இதன் கனம் தெரியும். இப்போது கணினியில் ஒரு சொடுக்கு. அன்று கல்லச்சு. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல் பலகையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக, எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தின் அந்தந்தப் பகுதியை மட்டும் வரைவார்கள். சிவப்புக்கு ஒரு கல், மஞ்சளுக்கு ஒரு கல், பச்சைக்கு ஒரு கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மீதும் ஒரு முறை போய் வர வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ரோஜாவின் சிவப்பு இதழுக்கு வெளியே வழியும். ரவி வர்மாவின் படங்கள் வீடு வீடாகப் பரவியது இந்த அச்சால்தான், அவரும் 1894-இல் பம்பாயில்தான் தன் அச்சகத்தைத் தொடங்கினார். நம் சிவகாசி வண்ண லேபிளுக்குப் பெயர் பெற்றது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, தீப்பெட்டித் தொழில் அங்கே வேரூன்றிய பிறகு.

ஹௌஸ் காஜியில் நான்கு வருடமாகக் கடை நடத்தும் ஒருவர், ஒரு சர்பத்து பாட்டிலின் மேல் ஒட்டும் தாளுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். வீண் ஆடம்பரம் என்று அன்று யாராவது முகம் சுளித்தும் இருக்கலாம். ஆனால் வாங்க வந்தவர்களில் எத்தனை பேருக்கு எழுத்து தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் தன் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது அடையாளம் சொல்ல வேண்டும். பூவும் பழமும் போட்ட படம், சிவப்புச் சர்பத்து. அவ்வளவு போதும். படம் எழுத்தின் வேலையைச் செய்தது.

அந்த லேபிளில் இல்லாத ஒன்றையும் பார்க்க வேண்டும். அன்றைய துணி மில் லேபிள்கள், நாட்காட்டிகள், சோப்பு உறைகள் எல்லாவற்றிலும் பெண்ணின் படமோ தெய்வத்தின் படமோ இல்லாமல் இருக்காது. ரூஹ் அஃப்ஸா என்பது காவியத்தில் ஒரு பெண்ணின் பெயர். ஒரு பெண் படத்தைப் போட எல்லாச் சாக்கும் இருந்தது. நாமறிந்த அந்தத் தாளில் பூவும் பழமும்தான் இருக்கின்றன. காரணம் மார்க்கப் பேணுதலா, ரசனையா என்று நான் விவாதிக்கப் போவதில்லை. விளைவு மட்டும் தெளிவு. அந்த பாட்டில் எல்லா மதத்தார் வீட்டிலும், எல்லா அலமாரியிலும் கூச்சமின்றி நின்றது.

பாட்டிலின் வடிவம் ஒரு வேடிக்கை. சர்பத்துக்கென்று தனி பாட்டில் அன்று கிடையாது. 750 மில்லி கொள்ளும் மதுப் புட்டியின் வடிவமே அதற்கு அமைந்தது. மதுவைத் தொடாத மனிதர் காய்ச்சிய பானம் அந்த உருவத்தில் போய் நின்றது. நீண்ட கழுத்தும் நேரான உடம்பும் லேபிளைச் சுற்றி ஒட்ட வசதி. ஊற்றும்போது சொட்டாமல் விழும். கையில் பிடிக்க வாகு. கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்த பிறகும் அந்த உருவத்தின் சாயல் போகவில்லை.

1920 வாக்கில் அந்த மூலிகைக் கடை முழுமையான உற்பத்திக்கூடமாக வளர்ந்துவிட்டது. அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது இரண்டே ஆண்டுகள். 1922-இல் அப்துல் மஜீத் வஃபாத்தானார். நாற்பது வயதுகூட நிறையவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

விட்டுச் சென்றவர்களில் மூத்த மகன் அப்துல் ஹமீது 1908-இல் பிறந்தவர், பதின்மூன்று பதினான்கு வயது. இளையவர் முஹம்மது சயீது, 1920 ஜனவரியில் பிறந்த கைக்குழந்தை, தந்தையின் முகம்கூட நினைவில் நின்றிருக்காது. மனைவி ராபியா பேகம் அவர்களின் தோளில் எல்லாம் விழுந்தது. பர்தா பேணிய ஒரு விதவை, அந்தக் காலத்துத் தில்லியில், மருந்துத் தொழிலை என்ன செய்ய முடியும்? அத்தாரின் பொட்டலக் கடையாக இருந்திருந்தால் ஹக்கீமின் ஜனாஸாவோடு கடையும் முடிந்திருக்கும். முகம் போனால் உத்தரவாதம் போயிற்று. இங்கே முகம் போன பிறகும் பாட்டில் மேல் ஒரு பெயர் இருந்தது, செய்முறை கையில் இருந்தது, பூவும் பழமும் போட்ட அந்தத் தாளை அடையாளம் வைத்துக் கேட்டு வரும் மக்கள் இருந்தார்கள். அந்த அம்மையார் பிடியை விடவில்லை. தொழிலைத் தாங்கி நிறுத்தி, மகன் வளரும்வரை காத்து, அவர் கையில் ஒப்படைத்தார். இந்த வரலாற்றில் நான் அதிகம் மதிக்கும் இடம் இதுதான். நிறுவனர் என்று ஒருவர் படத்தை மாட்டும்போது பக்கத்தில் இன்னொரு படத்துக்கும் இடம் விட வேண்டும்.

மக்கள் இருவரும் ஹக்கீம் ஆனார்கள். நாடு பிரிந்தபோது வீடும் பிரிந்தது. மூத்தவர் தில்லியை விட்டு அசையவில்லை. இளையவர் 1948 ஜனவரியில் கராச்சிக்குப் போனார், அங்கே ஒரு ஹம்தர்தைத் தொடங்கினார். பிறகு கிழக்கு வங்கத்திலும் கிளை வந்தது, 1971-க்குப் பின் அது வங்கதேசத்தின் ஹம்தர்த் ஆனது. மூன்று நாட்டுக் கொடிகள், ஒரே சர்பத்து, ஒரே பெயர். நாடுகள் பேசிக்கொள்ளாத வருடங்களிலும் மூன்று நாட்டு இஃப்தார் விரிப்பிலும் அது இருந்தது. ஹக்கீம் சயீது சிந்து மாகாண ஆளுநராகவும் இருந்தவர். 1998 அக்டோபரில் கராச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒன்பது மாதத்தில், 1999 ஜூலையில், அண்ணன் தில்லியில் காலமானார்.

அப்துல் ஹமீது சாகிப் 1948-இல் செய்த ஒரு காரியத்தை நம் தலைமுறை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். தந்தை விட்டுச்சென்ற நிறுவனத்தை வக்ஃபு ஆக்கினார். தம்பியும் 1953-இல் கராச்சியில் அதையே செய்தார். நிலத்தையும் கட்டடத்தையும் வக்ஃபு செய்வது நமக்குப் பழக்கம், செஞ்சி வட்டாரத்திலேயே நவாபு காலத்துப் பள்ளிவாசல் நிலங்கள் உண்டு. ஆனால் ஒரு பெயரை, ஒரு லேபிளை, அதன் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையை வக்ஃபு செய்வது? அதன் வருமானத்திலிருந்துதான் தில்லியில் இன்று ஜாமிஆ ஹம்தர்த் பல்கலைக்கழகமாக நிற்கிற கல்விப் பணிகள் வளர்ந்தன. 1989-இல் அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலரும் அங்கே மருந்தியல் படிக்கப் போகிறார்கள். ஒரு குவளை சர்பத்தில் அதற்கும் பங்கு இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

நல்லதை மட்டும் எழுதினால் நேர்மை ஆகாது. ஹம்தர்த் பெயர் சட்டப் புத்தகங்களிலும் இருக்கிறது. மருந்து விளம்பரங்களில் இல்லாத பலன்களைச் சொல்வதைத் தடுக்க 1954-இல் நடுவணரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா உச்ச நீதிமன்றம் போனது. 1959 டிசம்பரில் வந்த தீர்ப்பில் சட்டத்தின் சில பகுதிகள் தள்ளுபடியாயின. ஆனால் தடைசெய்யப்பட்ட மருந்துக்குச் செய்யும் விளம்பரம் பேச்சுரிமையின் பாதுகாப்பில் வராது என்ற அடிப்படையை நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. லேபிளில் எதை எழுதலாம் என்பதற்கு எல்லை உண்டு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அந்த வழக்கில்தான் படிக்கிறார்கள்.

நமக்கு இந்த எல்லை புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனபோது உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள், விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். குவியலின் மேற்பரப்பு அன்றைய லேபிள். மூடிய பாட்டிலில் வாங்குகிறவர் கையை விட்டுப் பார்க்க முடியாது. அதனால் ஈரத்தை எழுதி ஒட்டும் கடமை விற்கிறவருக்குக் கூடுகிறது.

நகல் செய்கிறவர்கள் எப்போதும் உண்டு. 2020-இல் தில் அஃப்ஸா என்ற பெயரில் ஒரு சர்பத்து சந்தைக்கு வந்தது. அதுவும் சிவப்பு. ஹம்தர்த் வழக்குப் போட்டது. 2022 ஜனவரியில் தனி நீதிபதி தடை தர மறுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அந்தப் பெயரில் சர்பத்து விற்கத் தடை விதித்தது. விலை குறைந்த அன்றாடப் பொருளை வாங்குகிறவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்து வாங்க மாட்டார் என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். 1910-இல் மிர்ஸா நூர் அஹ்மத் எழுத்தறியாத வாங்குவோருக்காக வரைந்தார் என்றால், எழுத்தறிந்த நாமும் படிக்காமல்தான் வாங்குகிறோம்.

அதே 2022-இல் இன்னொரு விசித்திரமும் நடந்தது. இணையக் கடையான அமேசானில் ரூஹ் அஃப்ஸா வாங்கியபோது வந்த பாட்டில்களில் சில பாகிஸ்தான் ஹம்தர்தில் செய்தவை. அண்ணன் தம்பி இரண்டு நாட்டில் காய்ச்சியது, பெயர் ஒன்று. அவற்றை இந்தியத் தளத்திலிருந்து நீக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. உற்பத்தியாளர் யார், புகார் செய்ய முகவரி எது என்பது வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது காரணங்களில் ஒன்று. மூன்று வருடம் முன்னால், 2019 ரமளானில், இந்தியக் கடைகளில் ரூஹ் அஃப்ஸா கிடைக்காமல் போனபோது லாரியில் அனுப்பத் தயார் என்று அந்தக் கராச்சி ஹம்தர்த்தான் முன்வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சிரிப்பதா வருந்துவதா தெரியவில்லை.

2025 ஏப்ரலில் போட்டி நிறுவனம் ஒன்று தன் சர்பத்தை விற்பதற்காக, இந்தச் சர்பத்தின் வருமானத்தை மதத்தோடு முடிச்சுப் போட்டு வெறுப்பாகப் பேசி வீடியோ வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது, வீடியோக்களை நீக்க வேண்டியதாயிற்று. அதிகம் எழுத விருப்பமில்லை. அந்த வாரம் எங்கள் தெரு முனைக் கடையில் ரூஹ் அஃப்ஸா வாங்கியவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருந்தார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பனமலைச் சகோதரிக்கு இதையெல்லாம் ஒரே போனில் சொல்லி முடிக்கவில்லை. துண்டு துண்டாகச் சொன்னேன், அவரும் துண்டு துண்டாகக் கேட்டார். ராபியா பேகத்தின் கதையை மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு வேலையில் இறங்கினார். உணவுப் பொருள் செய்து விற்கிற சிறு வீட்டுத் தொழிலுக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும், அதற்கு மனுப் போட்டாயிற்று. லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர அளவு, தயாரித்த தேதி, எத்தனை நாளைக்கு நல்லது, விலை, முகவரி, அந்தப் பதிவு எண், சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி எல்லாம் வர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். பெயரைப் பதிவு செய்வதானால் சர்பத்து வகைகள் 32-ஆம் வகுப்பில் வரும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

பெயர்தான் இழுபறி. முதலில் பனமலை நன்னாரி சர்பத் என்றார். நாளைக்குப் பக்கத்து வீட்டார் காய்ச்சினாலும் அதுவும் பனமலை நன்னாரி சர்பத்துதானே என்று அவர் மகளே மறுத்துவிட்டாள். கல்லூரியில் படிக்கிற பெண், படம் வரைவாள். நன்னாரிக் கொடியின் இலையை நோட்டில் நான்கைந்து விதமாக வரைந்து வைத்திருக்கிறாள், ஓர் ஓரத்தில் ஒரு பனைமரமும் இருக்கிறது. சிவகாசி அச்சகத்தில் கேட்டதற்குக் குறைந்தது ஆயிரம் லேபிள் அடிக்க வேண்டும் என்றார்களாம். ஆயிரம் பாட்டிலுக்கு நன்னாரி வேர் எங்கே போய்த் தேடுவது என்பது தாயின் கவலை. சாயம் சேர்க்காததால் காய்ச்சலுக்குக் காய்ச்சல் நிறம் கொஞ்சம் மாறும், அதை லேபிளில் எழுதலாமா என்று போன வாரம் கேட்டார். எழுதச் சொன்னேன். ஒரே உயரத்தில் ஐம்பது பாட்டில்கள் விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கிவிட்டன.